திங்கட்கிழமை அளவு

தண்ணீர் ஆலையில் அவளை எல்லோரும் அளவம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

வேலை கேட்பதற்கு எளிதுதான். ஆலை வளாகத்துக்குள் மூன்று ஆழ்துளைக் கிணறுகள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை ஆறு மணிக்கு, மோட்டார்களை ஓட விடுவதற்கு முன்னால், அவள் இரும்பு மூடியைத் திறப்பாள். எஃகு டேப்பின் நுனியில் ஈயக் குண்டு தொங்கும். அதற்கு மேலே ஐந்தாறு அடி நீளத்துக்கு நீலச் சாக்பீஸைத் தேய்ப்பாள். டேப்பை இருட்டுக்குள் இறக்கி, ஒரு முழு எண் குழாயின் வாய்க்கு நேராக வந்ததும் நிறுத்தி, மேலே இழுப்பாள். நனைந்த சாக்பீஸ் கருநீலமாக இருக்கும். நனையாதது வெளுப்பாகவே இருக்கும். இரண்டும் பிரிகிற இடம்தான் நீர்மட்டம்; இறக்கிய நீளத்தில் நனைந்ததைக் கழித்தால் அதன் ஆழம். அதை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

பதினோரு வருடம் இதைச் செய்தாள். முதல் வருடம் நாற்பத்து நாலு அடி. இப்போது நாற்பத்தாறு. "ரெண்டடிதானே, மழை பேஞ்சா சரியாயிடும்" என்பார் மேலாளர். காய்ச்சல் வந்தபோதும் அவள் திங்கட்கிழமையைத் தவறவிட்டதில்லை. ஒரு அங்குலம் கூட்டிக் குறைத்து எழுதியதில்லை. ரெஜிஸ்டரில் இருந்த ஆயிரத்து எழுநூறு சொச்சம் எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கொடுமையே அதுதான்.

அவளுடைய கணவர் அதே ஆலையில் மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டார். மூன்று பொத்தான்கள் அவர் பொறுப்பில். அந்தப் பொத்தான்களை அழுத்தினால் தண்ணீர் மேலே வரும். விரல் நீளக் குழாயாக எந்திரத்துக்குள் போகும் பிளாஸ்டிக், சூடாகி, காற்று ஊதப்பட்டு, கண் இமைப்பதற்குள் புட்டியாக வெளியே வரும். மூன்று லிட்டர் மேலே வந்தால் இரண்டு லிட்டர்தான் புட்டிக்குள் போகும். சுத்திகரிப்பில் கழிக்கப்பட்ட மூன்றாவது லிட்டர் பின்பக்கச் சாக்கடைக்குப் போகும். புட்டியின் மேல் ஒட்டுகிற தாளில் பனி மூடிய ஒரு மலையும் ஒரு அருவியும் அச்சாகியிருக்கும். அந்த ஊரில் மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. ஆலைச் சுவரும் அதற்குப் பின்னால் ஒரு தெருவும்தான் உண்டு.

அந்தத் தெருவில், சுவரை ஒட்டிய முதல் வீடு அவளுடைய அக்கா வீடு.

அக்காவுக்குச் சலவைத் தொழில். இரண்டு விடுதிகளின் விரிப்புகளும் தலையணை உறைகளும் அவள் கையில்தான் வெளுத்தன. வீட்டுக்குப் பின்னால் ஐம்பதடிக் கல்கட்டுக் கிணறு. அதுதான் அவளுக்கு மூலதனம். மூன்று வருடங்களுக்கு முன்னால் அந்தக் கிணறு கலங்க ஆரம்பித்தது. பிறகு வற்ற ஆரம்பித்தது. அடுத்த வீட்டுக் கிணறு, அதற்கடுத்தது என்று சுவரிலிருந்து வெளியே போகப் போக ஒவ்வொன்றாகக் கைவிட்டது. தெருக்கோடியில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. கடைசி நூறடிக் குழாய் துருப்பிடித்து அதுவும் நின்றுபோயிருந்தது. நகராட்சியில் கேட்டால், "அதான் எல்லாரும் கேன் வாங்குறீங்களே" என்றார்கள். குழாய் வராததால் கேன் வாங்கினார்கள். கேன் வாங்கியதால் குழாய் வரவில்லை. காலிப் புட்டிகள் சாக்கடையை அடைத்தன. அடைத்ததை வாரிக் காலி மனையில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் புகை படிந்த விரிப்புகளை விடுதிக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

கிணறு வற்றத் தொடங்கிய நாளில் தெருவே அளவம்மாவிடம்தான் கேட்டது. யாரிடம் கேட்பது? ஆலையின் தண்ணீரை அளப்பவள் அவள்தானே.

"கிணத்துல சேறு அடைச்சிருக்கு. தண்ணி மட்டம் அப்படியேதான் இருக்கு. என் கையால அளக்கிறேன், எனக்குத் தெரியாதா?" என்று அவள் சொன்னாள். முழு மனதோடு சொன்னாள்.

அந்தச் சொல்லை நம்பி அக்கா புருஷன் கிணற்றில் இறங்கிச் சேறு வாரினார். அடுத்த வருடம் இன்னும் ஆழமாக்கலாம் என்று கடப்பாரையோடு மறுபடி இறங்கினார். இரண்டாவது தடவை பக்கக்கல் ஒன்று பெயர்ந்து கணுக்காலில் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. அதற்குப் பிறகு அவர் பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தார். அளவம்மா வந்தால், "வாம்மா" என்பார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை மதிய இடைவேளையில் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பின்கட்டில் அழுக்கு விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. கிணற்றில் எட்டிப் பார்த்தால் காய்ந்த சேறுதான்.

"ஏன்க்கா இவ்வளவு சேத்து வெச்சிருக்கே? நாளைக்கு லீவு நாள்தானே, துவைச்சிடேன்."

"எங்க கிணறு உங்க கம்பெனி மாதிரிடி. லீவு எடுத்தாத்தான் அதுக்குத் தெம்பு வரும்." அக்கா மூட்டையைக் காலால் தள்ளினாள். "ஞாயித்துக்கிழமை கசியறதைத் தொடாம விட்டா, திங்கட்கிழமை காலையில முழங்கால் அளவு ஊறி நிக்கும். அன்னைக்கு அடிச்சுப் புடிச்சு எல்லாத்தையும் துவைச்சிடுவேன். மத்தியானம் பாத்தா மறுபடி சேறு. கிழமை பாத்துச் சுரக்கிற கிணறை எங்கயாவது கண்டிருக்கியா? கல்யாணம் பண்ணிக் குடுக்கும்போது நம்ம அப்பா நல்ல விசேஷமான கிணறாத்தான் பாத்திருக்காரு."

ஸ்டூலில் உறை மடித்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். அளவம்மா சிரிக்கவில்லை. 

"எல்லாத் திங்கட்கிழமையுமா?"

"கிணத்துக்கிட்ட நான் ரெஜிஸ்டரா எழுதுறேன்? எல்லாத் திங்கட்கிழமையும்தான். ஏண்டி, பேயடிச்ச மாதிரி பாக்கிறே?"

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மோட்டார்கள் நிற்கும். திங்கட்கிழமை காலை ஆறு மணிவரை முப்பத்தாறு மணி நேரம் பூமி மூச்சு விடும். சுற்றிலுமிருந்து கசிந்து கசிந்து தண்ணீர் மேலே வரும். வந்து நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில் அவள் டேப்பை இறக்குவாள். நாற்பத்தாறு என்று எழுதுவாள். ஐந்து நிமிடம் கழித்து அவளுடைய கணவர் பொத்தானை அழுத்துவார்.

தொடக்கத்தில் ஆலையிலிருந்த வேதியியலாளர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. "தண்ணி அசையாம இருக்கும்போதுதான் அளக்கணும்மா." பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. மோட்டார் ஓடும்போதும் ஒரு அளவு எடுக்க வேண்டும் என்று அதே புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவளுக்கு யாரும் புரட்டிக் காட்டவில்லை. நோயாளி தூங்கி எழுந்ததும் மட்டும் நாடி பார்த்துவிட்டு, நாள் முழுக்க அவன் முதுகில் மூட்டை ஏற்றுகிற வைத்தியம் அது.

அந்தச் சனிக்கிழமையே நாலு மணிக்கு, மூன்று மோட்டார்களும் உறுமிக்கொண்டிருந்தபோது, அவள் டேப்பை எடுத்துக்கொண்டு முதல் கிணற்றுக்குப் போனாள். வாயிற்காவலர் எட்டிப் பார்த்தார்.

"என்ன அளவம்மா, கிழமை மறந்துபோச்சா?"

"இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

ஐம்பதடி இறக்கினாள். சாக்பீஸ் வெளுப்பாகவே வந்தது. அறுபது இறக்கினாள். வெளுப்பு. எழுபது. டேப் குழாயின் விளிம்பில் உரசிக் கீச்சிட்டது. எண்பதிலும் நனையவில்லை. மறுபடி, இந்த முறை பத்தடி நீளத்துக்குச் சாக்பீஸ் தேய்த்து, நூறு வரை விட்டு இழுத்தாள். ஏழு அடி நனைந்திருந்தது. சரியா என்று இன்னொரு முறை இறக்கினாள். அதே ஏழு.

தொண்ணூற்று மூன்று அடி.

அக்காவின் கிணறு ஐம்பது அடி. மாமாவை எந்த ஆழத்துக்குத் தோண்ட விட்டோம் என்று நினைத்தபடி டேப்பைச் சுற்றினாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல நாற்பத்தாறு. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேலாளரின் மேசைமேல் வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஓடும்போது அளக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"எடுக்கிறது ஓடும்போதுதானே சார்?"

"வியாழக்கிழமை நீர்வளத் துறையிலிருந்து வராங்க. இன்னும் ரெண்டு போர் போட அனுமதி. தெருக்காரங்களும் வருவாங்க. நீங்க அந்தத் தெருக்காரங்களுக்குச் சொந்தக்காரங்க, உங்க வாயால பதினோரு வருஷத் திங்கட்கிழமையையும் படிச்சிக் காட்டுங்க. வேற எதுவும் வேண்டாம்." தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உங்க வீட்டுக்காரரும் இங்கதான் இருக்கார். ஞாபகம் இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை கணவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"மோட்டாரை நிறுத்தச் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை கூட்டம் முடியிறவரைக்கும் பராமரிப்பாம்."

"என்ன பராமரிப்பு?"

"என்னைக் கேட்டா?"

"அதிகாரி அங்கயே அளந்து பாத்தாலும் நாப்பத்தாறு வரணும். அதானே?"

 அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு பேர் சோறும் ஒரே அடுப்புல வேகுது. நீ பாட்டுக்கு அதுல தண்ணி ஊத்திடாதே" என்றார்.

"நம்ம அடுப்பு எரியணும்னு மாமா காலை எடுத்து விறகா வெச்சேனே, அதுக்கு என்னங்க சொல்றீங்க?"

அவர் செருப்பைக் கழற்றினார். அவள் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா ஆலை வாசலுக்கே ஓடி வந்தாள். சோப்பு நுரை முழங்கைவரை.

"அடியே, கிணறுக்குக் கிழமை மறந்துபோச்சுடி! இன்னைக்கு புதன்கிழமை. தண்ணி நிக்குது!"

அளவம்மா அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.  மேலாளர் ஒரு எண்ணை மறைப்பதற்காக மூன்று மோட்டாரை நிறுத்தினார். நிறுத்தியதும் சுவருக்கு அந்தப் பக்கம் சாட்சி தானாக ஊறி வந்து நின்றுவிட்டது.

"அக்கா, நாளைக்குத் துவைக்காதே. ஒரு சொம்புகூட எடுக்காதே."

"விடுதிக்காரன் என்னை வெளுத்துடுவான்டி."

"ஒரே ஒரு நாள்."

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. ஆலையின் உணவுக்கூடத்தில் மேசைகளைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு புட்டி, அதில் அதே மலை, அதே அருவி. அதிகாரி ஒரு பெண்மணி. தடித்த கண்ணாடி, கையில் ஒரு கோப்பு. தெருக்காரர்கள் முப்பது பேர் சுவரோரமாக நின்றார்கள்.

மேலாளர் எழுந்து, அனுமதி கிடைத்ததும் தெருவில் வீட்டுக்கு வாரம் இரண்டு கேன் இலவசம் என்று அறிவித்தார். இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள்.

"எங்க கிணத்தை உறிஞ்சி எங்களுக்கே தானமா?" என்றாள் அக்கா. "கேன் வேணாம் சார். தெருக்கோடிக் குழாய்க்கு நூறடி பைப்பு போட்டுக் குடுத்தா போதும். அதோட எங்க தண்ணியை எங்க கிணத்துலயே விட்டு வைங்க."

"உட்காருங்கம்மா. ஆதாரம் இல்லாம பேசக்கூடாது. ஆதாரம் நம்மகிட்ட இருக்கு" என்று மேலாளர் அளவம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவள் ரெஜிஸ்டரைத் திறந்தாள்.  முன்னால் புட்டி இருந்தது, தொடவில்லை. முதல் எண்ணைப் படித்தாள். நாற்பத்து நாலு. கடைசி எண்ணைப் படித்தாள். நாற்பத்தாறு.

"நடுவுல இருக்கிறதையும் படிங்க" என்றார் மேலாளர்.

"எல்லாம் ஒண்ணுதான் சார். எல்லாம் திங்கட்கிழமை." அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "மேடம், இதுல எல்லாம் உண்மைதான். ஆனா எல்லாம் மோட்டார் ஒன்றரை நாள் நின்ன பிறகு எடுத்தது. போன சனிக்கிழமை, மோட்டார் ஓடும்போது, தொண்ணூத்து மூணு. அது இந்த ரெஜிஸ்டர்ல கிடையாது. இப்ப நீங்க அளந்தாலும் நாப்பத்தாறுதான் வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து மோட்டாரை நிறுத்தி வெச்சிருக்காங்க."

கூடத்தில் ஒரு சலசலப்பு. மேலாளர் எழுந்தார். "பராமரிப்பு வேலை மேடம். இந்தம்மாவுக்கு வீட்டுப் பிரச்சினை..."

"என் பேச்சை நம்ப வேண்டாம் மேடம். மூணு வருஷமா என் பேச்சை நம்பித்தான் இந்தத் தெரு கெட்டுச்சு. நான் ஒண்ணு சொல்றேன், நடக்குதான்னு நீங்களே பாருங்க. சுவருக்கு அந்தப் பக்கம் எங்க அக்கா கிணத்துல இப்ப தண்ணி இருக்கும். மூணு மோட்டாரையும் போடச் சொல்லுங்க. அந்தத் தண்ணி இறங்கும். இறங்கலேன்னா நான் பொய்க்காரி. இங்கயே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அதிகாரி கோப்பை மூடினார். "எவ்வளவு தூரம்?"

"நாப்பது எட்டு வெச்சா போதும்."

பின்கட்டில் கூட்டம் நெருக்கியடித்தது. மாமா ஸ்டூலை நகர்த்தி வழி விட்டார். அளவம்மா கையோடு கொண்டுவந்த ரெஜிஸ்டரைக் கல்மேல் வைத்து டேப்பை அவிழ்த்தபோது மேலாளர் அவள் தோளருகில் குனிந்து, "அந்த டேப் கம்பெனியோடது" என்றார் தணிந்த குரலில்.

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "குடுத்துடுடி. எங்கிட்ட துணி காயப்போடுற கயிறு இருக்கு. ஒரு கல்லைக் கட்டி இறக்கிக்கலாம்."

"டேப்பே இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "நீங்க இறக்குங்க. நான் படிக்கிறேன்."

நாற்பத்தெட்டடி. இரண்டடி தண்ணீர். அதிகாரி நேரத்தோடு குறித்துக்கொண்டார்: பதினொன்று நாற்பது. பிறகு மேலாளரிடம், "மூன்றையும் ஓட விடச் சொல்லுங்க" என்றார்.

மேலாளர் கைப்பேசியில் பேசினார். ஓரமாகத் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு உறுமல் எழுந்து நிலைத்தது.

"ஓடுது மேடம்."

எல்லோரும் கிணற்றைப் பார்த்தார்கள். மாமா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையைக் கிணற்றுக் கல்லின் மேல் வைத்தார்.

"ஒண்ணுதான் ஓடுது" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மேலாளர் சீறினார்.

"ரெண்டு வருஷம் இந்தக் கிணத்துக்குள்ள நின்னு மண்ணு வெட்டினவன் சார். உங்க மோட்டாரைக் காதால இல்ல, கல்லால கேட்டவன். இது ஒண்ணு. அதுவும் சின்னது."

 அளவம்மா சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவள் கணவர் தனியாக மூன்று பொத்தான்களுக்கு முன்னால் நிற்பார். ஒன்றை மட்டும் போடு என்று காதில் சொல்லியாகிவிட்டது. சுவர் ஆளுயரத்துக்கு மேல். கத்தினால் கேட்கும். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இதை அவர்தான் செய்ய வேண்டும். கேட்டு வாங்கினால் அது அவருடையதாக இருக்காது.

மாமா அவளுக்குப் பதிலாகச் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார், விருந்துக்குக் கூப்பிடுவதுபோல: "சகலை! நான் இங்க கிணத்து மேலதான் உட்கார்ந்திருக்கேன்! உள்ள இல்ல! பயப்படாம போடு!"

ஒரு நிமிடம். அக்காவின் கையிலிருந்த தலையணை உறை முறுக்கேறிக்கொண்டே போனது. இன்னொரு நிமிடம். மேலாளரின் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பரவ ஆரம்பித்தது.

அப்போது இரண்டாவது உறுமல் எழுந்தது. அது நிலைப்பதற்குள் மூன்றாவது. ஸ்டூலின் இரும்புக் காலே கிணுகிணுத்தது. மாமா உள்ளங்கையை எடுக்காமல் மூன்று விரலை விரித்துக் காட்டினார்.

மேலாளரின் கைப்பேசி அவர் கையிலேயே அடித்தது. அவர் எடுக்கவில்லை. அளவம்மாவிடம், "நாளையிலிருந்து நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"சரி சார்" என்றாள் அவள். "இன்னைக்கு இருக்கேன்."

கால் மணிக்கு ஒரு முறை இறக்கினாள். முதல் கால் மணியில் இரண்டு அங்குலம்தான். "ஆவியாகியிருக்கும்" என்று மேலாளர் முணுமுணுத்தார். அரை மணியில் நாலரை. முக்கால் மணியில் எட்டு. அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எட்டிப் பார்த்தாலே கல்கட்டில் ஈரக்கோடு மேலே தங்கி நிற்பதும், தண்ணீர் அதை விட்டுவிட்டுக் கீழே போவதும் தெரிந்தது. தெருக்காரர்கள் மாறி மாறி வந்து பார்த்துவிட்டு விலகினார்கள். சாவு வீட்டில் முகம் பார்ப்பது போலிருந்தது. மூன்று வருடமாகச் சேறு, விதி, மழை என்று எதை எதையோ பழித்தவர்கள். காரணம் இப்போது கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு மணி ஐம்பதுக்கு அவள் கடைசியாகச் சாக்பீஸ் தேய்த்தாள். டேப் கீழே போய் மெத்தென்று நின்றது. ஈயக் குண்டில் சேறு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே, ஐந்தடி நீளத்துக்கு, ஒரு சொட்டுக்கூடப் படாத வெளுத்த நீலம்.

அதிகாரி அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் தூள் ஒட்டியது. பேனாவைத் திறந்து, ரெஜிஸ்டரின் புதுப் பக்கத்தில் தேதி எழுதினார்.

"வியாழக்கிழமைன்னு எழுதுங்க மேடம்" என்றாள் அளவம்மா. "மணியையும் எழுதுங்க. மோட்டார் மூணும் ஓடுதுன்னும் எழுதுங்க. அதுக்கு இந்த ரெஜிஸ்டர்ல கட்டமே கிடையாது. ஓரத்துல எழுதிடுங்க."